பரதேசிப் பள்ளியில் மூன்று நாள்: கொச்சி யூதர்களும் ஒரு யானைக்கால் கதையும்

1/
நீளமான இழை எழுதி ரொம்ப நாளாச்சு. வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற ஆளு நான். இன்னைக்கு வரலாறு. ஆனா சுத்திச் சுத்தி கடைசியில மருத்துவத்துலதான் வந்து நிக்கும். ஒரு டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

2/
பரதேசி.

நம்ம ஊர்ல இது திட்டுற வார்த்தை. ஆனால் அசல் பொருள், வேறு தேசத்திலிருந்து வந்தவன். அவ்வளவுதான்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஜெப ஆலயத்தின் பெயரே "பரதேசி". கட்டியவர்கள் வெளிதேசத்து யூதர்கள் என்பதால் வந்த பெயர். போன மாசம் அதைப் பார்க்கத்தான் நாங்க கிளம்பினோம்.

3/
மொத்தம் 11 பேர், ஒரு வேன். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். ஆரம்ப சுகாதார நிலையத்துல முப்பது வருஷம் வேலை பார்த்த நர்ஸ் அக்கா. மெடிக்கல் ஷாப் அண்ணன். தொழிற்பேட்டையில வேலை பார்க்கிற தம்பிங்க. வரலாறு படிக்கிற வாத்தியார் பேத்தி. அப்புறம் நானும் என் வீட்டுக்காரம்மாவும், இன்னும் சில பேர்.

திட்டம் பேத்தியுடையது. "யூதர்கள் இஸ்ரேலுக்கு வெளியே எப்படி வாழ்ந்தாங்கன்னு பார்க்கணும் தாத்தா. அதுக்கு ஐரோப்பா போக வேண்டாம். வாளையார் தாண்டினா போதும்" என்றாள்.

சேதராப்பட்டுல இருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் கொஞ்ச நேரத்துல மாநிலம் மாறிடும். எல்லை தாண்டுறது நமக்கென்ன புதுசா?

4/
விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள முதல் சண்டை. மெடிக்கல் ஷாப் அண்ணன் ஆரம்பிச்சார்.

"டாக்டரே, காசாவுல குழந்தைங்க சாகுறதை தினம் பார்க்கிறோம். இந்த நேரத்துல போய் யூதர் வரலாறா?"

நியாயமான கேள்வி. மழுப்ப விரும்பலை. ஒரு அரசாங்கம் செய்யும் போரை எதிர்க்கலாம், எதிர்க்கவும் வேண்டும். ஆனால் அந்த அரசாங்கம் பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முன்னாலிருந்தே நம்ம பக்கத்துல மிளகு வித்து, மலையாளம் பேசி வாழ்ந்த ஒரு சமூகத்தின் கதை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் யாருக்கும் நியாயம் கிடைக்காது.

அண்ணன் முழுசா ஒத்துக்கலை. ஆனா வேன்ல இருந்து இறங்கவும் இல்லை.

5/ முதல் நாள்

விடியற்காலை கொச்சி போய்ச் சேர்ந்தோம். குளிச்சு, புட்டும் கடலையும் சாப்பிட்டு மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்குப் போனா, பள்ளி பூட்டிக் கிடக்கு.

அன்னைக்கு சனிக்கிழமை! யூதர்களின் ஓய்வுநாள். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி பொழுது சாயும் வரை. பைபிள் படிச்ச சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தேதி போட்டது நான். வேன்ல எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே...

பேத்திதான் காப்பாத்தினாள். "பரவாயில்ல அங்கிள், பரவூர், சேந்தமங்கலம் பள்ளி ரெண்டும் இப்ப மியூசியம். அதை இன்னைக்குப் பார்த்துடலாம்."

யோசிச்சா, அதுதான் சரியான வரிசையும்கூட. கதை தொடங்குவது கொச்சியில் இல்லை. வடக்கே, பெரியாற்று முகத்துவாரத்தில்.

6/
முசிறி. சங்க இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். ரோமானியக் கப்பல்கள் மிளகுக்காக வந்து நின்ற துறைமுகம். இன்றைய கொடுங்கல்லூர், பட்டணம் பகுதி.

நமக்கு இதில் ஒரு சொந்தமும் இருக்கு. அதே காலத்தில் கிழக்குக் கரையில் ரோமானியச் சரக்கு வந்து இறங்கிய இடம் நம்ம அரிக்கமேடு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலிய மண்பாண்டமும் மது ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. அங்கே முசிறி, இங்கே அரிக்கமேடு. இரண்டு வாசல், ஒரே வியாபாரம்.

7/
யூதர்கள் எப்போது வந்தார்கள்? சாலமோன் ராஜா காலத்திலேயே வந்தோம் என்பது ஒரு மரபு. கி.பி. 70-ல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு வந்தோம் என்பது இன்னொன்று. இரண்டுமே வாய்வழிக் கதைகள், ஆவணம் இல்லை.

ஆனால் சொல்லில் ஒரு தடயம் உண்டு. சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்ததாக எபிரேய பைபிள் சொல்லும் "துக்கி" என்ற சொல்லை, மயிலைக் குறிக்கும் நம்ம "தோகை"யோடு மொழியறிஞர்கள் நெடுங்காலமாகவே தொடர்புபடுத்தி வருகிறார்கள். ஆள் வந்தாரோ இல்லையோ, வார்த்தை கடல் தாண்டியிருக்கலாம்.

8/
உறுதியான ஆவணம் செப்பேடுகளில் இருந்து தொடங்குகிறது.

கி.பி. 849, கொல்லம். ஒரு கிறிஸ்தவ தேவாலயத்துக்கு உரிமை கொடுக்கும் தரிசாப்பள்ளிச் செப்பேடு. அதில் சாட்சிகள் பஹ்லவியிலும் அரபியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பார்சிகள், முஸ்லிம்கள், யூதர்கள் ஒரு கிறிஸ்தவக் கோயில் பத்திரத்துக்கு சாட்சி!

வாத்தியார் சொன்னார்: "இன்னைக்கு ஒரு வீட்டுப் பத்திரத்துக்கு சொந்தத் தம்பி சாட்சிக் கையெழுத்து போட மாட்டேங்கிறான்."

9/
அடுத்தது கி.பி. 1000 வாக்கில். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கிய செப்பேடு. அஞ்சுவண்ணம் என்ற வணிகர் குழுவின் தலைமையும் 72 உரிமைகளும் அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் கொடுக்கப்பட்டன.

பகல்விளக்கு, குடை, பல்லக்கு, பறை, காகளம், தோரணம். சுங்கமும் துலாக்கூலியும் கிடையாது.

இன்னைக்குப் பார்த்தா குடை பிடிக்கிறதெல்லாம் ஒரு உரிமையான்னு தோணும். யார் குடை பிடிக்கலாம், யார் செருப்பு போடலாம் என்று பிறப்பை வைத்து முடிவு செய்த நாட்டில், அது அரசர் கொடுக்கும் அந்தஸ்து.

10/
எழுத்து வட்டெழுத்து. மொழி அன்றைய மலைநாட்டுப் பேச்சு. பேத்தி ஒவ்வொரு சொல்லா வாசிச்சுக் காட்டினப்ப முக்கால்வாசி எங்களுக்கே புரிஞ்சது.

அந்தப் பட்டியலில் "பாவாடை"யும் இருக்கு. பெண்கள் எல்லாரும் சிரிச்சாங்க. பெரிய மனுஷர் நடக்கும்போது தரையில் விரிக்கும் துணிக்கு அந்தக் காலத்துப் பேர் அது. இன்னைக்கு அதே வார்த்தை வேற இடத்துக்குப் போயிடுச்சு. பரதேசி மாதிரியே.

11/
பரவூர் பள்ளி. தெருவில் ஒரு படிப்புரை, அப்புறம் நீண்ட நடை, அப்புறம் உள் முற்றம். ஒரு நிமிஷம் கேரளக் கோயிலுக்குள் போகிற மாதிரியே இருக்கு. உள்ளூர் தச்சர்கள் கட்டினா வேற எப்படி இருக்கும்?

1616 வாக்கில் இதைக் கட்டியவர் பெயரைப் பார்த்துட்டு வாத்தியார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி படிச்சார். தாவீது யாக்கோபு கஸ்தியேல் முதலியார்.

ஆமாங்க, முதலியார். சாதிப் பெயர் இல்லை. யூத சமூகத்தின் தலைவருக்குக் கொச்சி ராஜா கொடுத்த பட்டம்.

12/
பெண்களின் பாட்டு நோட்டுகள் பற்றியும் தெரிஞ்சுக்கிட்டோம். கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடினார்கள். பாட்டுகளை நோட்டில் எழுதி, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று கைமாற்றினார்கள். உலகின் பல இடங்களில் வைதீக யூத ஆண்கள் பெண்கள் பாடுவதைக் கேட்பதில்லை. இங்கே ஆண்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

நர்ஸ் அக்கா சொன்னாங்க, "எங்க ஆயா நடவுப் பாட்டு நூறு பாடும். ஒண்ணைக்கூட நான் எழுதி வைக்கலை டாக்டர்."

13/
சேந்தமங்கலம். சின்ன ஊர். கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், யூதப் பள்ளி நாலும் பக்கத்துப் பக்கத்தில்.

முற்றத்தில் ஒரு கல்லறைக் கல். எபிரேய எழுத்து. இஸ்ரேலின் மகள் சாரா, ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு என்று இதைச் சொல்கிறார்கள். அரசி இல்லை, வியாபாரக் குழுத் தலைவி இல்லை. ஒரு பொண்ணு. 750 வருஷம் கழிச்சு சேதராப்பட்டுல இருந்து 11 பேர் வந்து அவள் பேரைப் படிக்கிறோம்.

14/ இரண்டாம் நாள்

ஞாயிறு. பரதேசிப் பள்ளி திறந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழட்டச் சொன்னார்கள். மற்ற நாடுகளில் பெரும்பாலான ஜெப ஆலயங்களில் இந்த வழக்கம் கிடையாது. கொச்சி யூதர்களின் வழக்கம் இது. பக்கத்துக் கோயிலைப் பார்த்து வந்ததாக இருக்கலாம். பக்கம் என்றால் ரொம்பப் பக்கம். மட்டாஞ்சேரி அரண்மனையும் அதன் பகவதி கோயிலும் ஒட்டியே இருக்கு. ராஜா தன் அரண்மனைக்கு அடுத்த நிலத்தைத்தான் கொடுத்தார்.

15/
தரை முழுக்க சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். கையால் தீட்டியவை, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை. வெளியே 1760-ல் எசெக்கியேல் ரஹாபி கட்டிய மணிக்கூண்டு. அதன் முகங்களில் மலையாளம், ரோமன், எபிரேய எண்கள். யார் எந்த மொழியில் பார்த்தாலும் மணி ஒன்றுதான்.

தொழிற்பேட்டைத் தம்பி ஓடுகளை எண்ண ஆரம்பிச்சு ஐம்பதோட விட்டுட்டான்.

16/
இப்ப ஒரு டாக்டர் கதை. கார்சியா டி ஓர்ட்டா. போர்ச்சுகல்காரர். பெற்றோர் ஸ்பெயின் யூதர்கள். கட்டாய மதமாற்றத்தில் கிறிஸ்தவரானவர்கள். 1534-ல் கோவாவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தார். இந்திய மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றி 1563-ல் கோவாவிலேயே புத்தகம் அச்சிட்டார். காலரா நோயாளியை நேரில் பார்த்து விவரமாக எழுதிய முதல் ஐரோப்பியர்களில் ஒருவர்.

அவர் இறந்த ஆண்டு 1568.

17/
அடுத்த வருஷமே அவருடைய தங்கை கத்தரினாவை, ரகசியமாக யூத மதத்தைக் கடைப்பிடித்தார் என்று கோவா இன்க்விசிஷன் உயிரோடு எரித்தது. 1580-ல் கார்சியாவின் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

1568-ஐ மறுபடி பாருங்க. கோவாவில் ஒரு யூத டாக்டர் தன் மதத்தை மறைத்தே செத்துப் போகிறார். அதே வருஷம், அதே மேற்குக் கரையில், கொச்சியில், ராஜாவின் சுவரை ஒட்டி யூதர்கள் வெளிப்படையாக ஒரு பள்ளி கட்டுகிறார்கள்.

நூற்றாண்டு ஒன்று, கடல் ஒன்று. ஆட்சி செய்தவன் மனசு மட்டும் வேறு. இதை வாசலில் வைத்துச் சொன்னப்போ மெடிக்கல் ஷாப் அண்ணன் ஒண்ணும் பேசலை.

18/
கொச்சியும் தப்பிவிடவில்லை. 1662-ல் போர்ச்சுகீசியர் இந்தப் பள்ளியைச் சேதப்படுத்தினார்கள். அடுத்த வருஷம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகுதான் மறுபடி சீரமைத்தார்கள்.

இதோட முடிச்சிருந்தா நல்ல கதை. "பார்த்தீங்களா, நம்ம நாடு எல்லாரையும் அரவணைச்ச நாடு" என்று சொல்லி போட்டோ எடுத்துக்கிட்டு வந்திருக்கலாம். வரலாறு அப்படி விடாது.

19/
பரதேசி யூதர்கள் பெரும்பாலும் ஸ்பெயின், போர்ச்சுகலில் இருந்து துரத்தப்பட்டும், மேற்காசியாவிலிருந்து வியாபாரத்துக்கும் வந்தவர்கள். இங்கே ஏற்கெனவே பல நூற்றாண்டுகளாக இருந்த மலபாரி யூதர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். கறுப்பர், வெள்ளையர் என்று பிரிவு வந்தது. பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை.

இதற்கும் கீழே ஒரு அடுக்கு. மெஷுஹ்ராரிம். விடுதலை செய்யப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள். அதே தோரா, அதே ஜெபம், அதே பள்ளி. ஆனால் உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கூடத்தில் தரையில் உட்கார வேண்டும். தோராவை வாசிக்க அழைக்க மாட்டார்கள். அடக்கம்கூடத் தனி இடம்.

20/
நாங்க நின்ன முன்கூடம்தான் அது. வழிகாட்டி ஒரே வரியில் தாண்டிப் போயிட்டார். பேத்திதான் நிறுத்தி விளக்கிச் சொன்னாள்.

அமைதி. டீக்கடை ரெட்டை டம்ளரைப் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. எந்தத் தெருவுக்குள் தேர் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள். இந்த மண்ணுல எந்த மதம் வந்து இறங்கினாலும் சாதி முதல்ல போய் கை குலுக்கிடும் போல.

துரத்தப்பட்டு வந்தவர்கள்தான் இன்னொருத்தரை வாசலில் நிறுத்தினார்கள். இதைச் சொல்லாமல் கொச்சி யூதர் வரலாறு முழுமை ஆகாது.

21/
அந்த வாசலில் உட்கார மறுத்த ஒருவர் இருந்தார். ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). அந்த முன்கூடத்து வம்சத்தில் பிறந்து சட்டம் படித்து வக்கீலானார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராகவும் இருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தவர். காந்தி வழியிலேயே தன் சொந்த ஜெப ஆலயத்தில் சத்தியாகிரகம் செய்தார். அதனால் "யூத காந்தி" என்ற பேர்.

தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முதலில் உள்ளே உட்கார இடம். அப்புறம் தோரா வாசிக்கும் உரிமை. 1950-ல் அவருடைய மகனே ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். கல்யாணத்தை மும்பையில் போய் வைக்க வேண்டியிருந்தது.

22/
இப்ப யானைக்கால்.

1940-களில் கேரளத்தில் யூதர்கள் சுமார் 2,500 பேர். 1948-ல் இஸ்ரேல் உருவானதும் பெரும்பாலானோர் போக விரும்பினார்கள். இங்கே யாரும் அடித்துத் துரத்தவில்லை. மதப் பற்று, புது வாழ்க்கை மேல் ஆசை, பிழைப்புக் கஷ்டம் என்று காரணம் பல.

ஆனால் உடனே போக முடியவில்லை. தடுத்தது இந்திய அரசு இல்லை. இஸ்ரேலின் சுகாதார அதிகாரிகள். காரணம், கொச்சியில் பரவலாக இருந்த ஃபைலேரியா. புது நாட்டுக்குள் இந்த நோய் வந்துவிடுமோ என்ற பயம்.

23/
ஒரு டாக்டரா அந்தப் பயத்தை நான் கேலி பண்ண மாட்டேன். தொற்றுநோயைப் பார்த்துப் பயப்படுவது சுகாதாரத் துறையின் வேலை. ஆனால் பயத்துக்குப் பின்னால் கணக்கு இருக்கணும். கணக்கைப் பார்ப்போம்.

ஃபைலேரியா தொட்டால் ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. கொசு வழியாகத்தான் பரவும். 1877-ல் பேட்ரிக் மேன்சன் சீனாவில் வேலை பார்த்தபோது இந்தப் புழு கொசுவுக்குள் வளர்வதைக் கண்டுபிடித்தார். ஒரு நோய்க்குக் கொசுவோடு தொடர்பு காட்டிய முதல் கண்டுபிடிப்பு அது.

24/
ரத்தத்தில் இருக்கும் குட்டிப் புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஒளிந்துகொள்ளும். ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணிவாக்கில் வெளி ரத்தத்துக்கு வரும். அந்த நேரத்தில்தான் க்யூலெக்ஸ் கொசுவும் நல்லாக் கடிக்கும். புழுவுக்கு இருக்கிற நேர ஒழுக்கம் நமக்கு இல்லை.

இன்னொன்று முக்கியம். மனித உடம்புக்குள் இந்தக் குட்டிப் புழு வளர்ந்து பெருகாது. கொசுவுக்குள் போய் வளர்ந்து, மறுபடி மனிதனுக்கு வரணும். ஒரு ஆளுக்கு நோய் பிடிக்கவே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கடி வாங்கணும். ஈரம், சாக்கடை, கொசு, நெருக்கமான ஜனம் எல்லாம் சேர்ந்தால்தான் சங்கிலி ஓடும்.

25/
அதைவிடப் பெரிய முரண் ஒன்று. கால் வீங்கி யானைக்கால் ஆனவர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் குட்டிப் புழுவே இருக்காது. பரப்புவது யார்? வெளியே ஒன்றுமே தெரியாமல் ஆரோக்கியமாக நடந்து போகிற ஆள்.

ஊர் பயப்படுவது வீங்கின காலைப் பார்த்து. நோய் போவது வீங்காத கால் வழியாக.

26/
கடைசியில் அனுமதி வந்தது. 1950-களின் நடுவில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். மக்கள் மனசு புரிந்து, போக வழி செய்து கொடுத்தவர்களில் சேலம் முக்கியமானவர். அவர் கடைசிவரை கொச்சியிலேயே இருந்தார்.

பலர் குடியேறிய இடம் நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம், மலைப்பக்கம் மெசிலாத் சியோன் மாதிரியான கிராமங்கள். தென்னையும் காயலும் பார்த்த கண்ணுக்கு மணலும் கல்லும். சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாஹு பெசலேல் 1955-ல் போனவர். அந்தப் பாலையில் பசுமைக்குடில் போட்டுப் பூ வளர்த்து ஏற்றுமதி செய்தார். பின்னாளில் இந்திய அரசு அவருக்கு பிரவாசி பாரதிய சம்மான் விருது கொடுத்தது.

கொச்சி யானைக்கால் அங்கே வேர் பிடிக்கவில்லை. பயந்தது நடக்கவில்லை. ஆனால் காத்திருந்த வருஷங்கள் காத்திருந்தவைதான்.

27/
இதை நான் ராத்திரி ஓட்டலில் சாப்பிடும்போது சொல்லிக்கிட்டிருந்தேன். நர்ஸ் அக்கா சாப்பாட்டை நிறுத்திட்டாங்க.

"டாக்டர், நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ராத்திரி ரத்தம் எடுக்கப் போவோம். பத்து மணிக்கு மேல கதவைத் தட்டுவோம். நாய் துரத்தும், ஜனங்க திட்டுவாங்க. 'தூங்குற நேரத்துல ரத்தம் எடுக்க வர்றியே, நீ பேயா'ன்னு ஒரு கிழவி கேட்டுது. விரல்ல ஒரு குத்து, கண்ணாடியில ஒரு சொட்டு. அவ்வளவுதான்."

புதுச்சேரிக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1975-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொசு வழி நோய்களுக்கான ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது நம்ம புதுச்சேரியில்தான். 1980-களில் நகரத்தின் சாக்கடையையும் குட்டையையும் வைத்து ஃபைலேரியா கட்டுப்பாட்டை சோதித்துப் பார்த்த ஊர் இது.

28/ மூன்றாம் நாள்

எர்ணாகுளம் மார்க்கெட். கூட்டம், மீன் வாசனை, லாரி. நடுவுல ஒரு வண்ண மீன் கடை. கண்ணாடித் தொட்டிகளுக்கும் செடித் தொட்டிகளுக்கும் பின்னால் போனால், கடவும்பாகம் யூதப் பள்ளி!

செதுக்கிய மரக்கூரை, விளக்குகள், நடுமேடை, மேலே பெண்கள் மாடம். கடையை நடத்துபவர் அதே சமூகத்தைச் சேர்ந்தவர். கடை வாசல்ல இருக்கு, பள்ளி உள்ளே இருக்கு. ரெண்டையும் அவர்தான் பார்த்துக்கிறார்.

29/
யூத முறையில் கூட்டு ஜெபத்துக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். மின்யான் என்பார்கள். எத்தனை அழகான கட்டடம் இருந்தாலும் பத்து பேர் இல்லையென்றால் சில ஜெபங்களைச் சொல்ல முடியாது.

எங்க வேன்லயே 11 பேர் இருந்தோம். அந்த எண்ணிக்கைகூட இல்லாமல் ஒரு சமூகம் சுருங்கிப் போச்சு. மட்டாஞ்சேரியில் எம்பிராய்டரி கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019-ல் 96 வயதில் காலமானார். 2024-ல் 89 வயதில் குவீனி ஹல்லேகுவா.

மட்டாஞ்சேரியின் இன்னொரு பள்ளியான கடவும்பாகத்தின் மரவேலைகள் ஜெருசலேம் இஸ்ரேல் மியூசியத்தில் பத்திரமா இருக்கு. அந்த வேலைகள் இருந்த கட்டடம் 2019 மழையில் இடிந்து விழுந்தது. உள்ளே இருந்ததைக் காப்பாத்தினோம். வெளியே இருந்ததை மழைக்கு விட்டுட்டோம்.

30/
திரும்பும் வழியில் வாத்தியார் கேட்டார்: "நம்ம பக்கம் யூதர்கள் யாருமே இல்லையா?"

இருந்தார்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது முதல் ஆல்டர்மேன்களில் யூத வியாபாரிகளும் உண்டு. கோல்கொண்டா வைரம் வாங்கவும் பவழம் விற்கவும் வந்தவர்கள். முத்தியால்பேட்டை பவழக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் மிச்சப் பெயர்.

இன்னும் பக்கத்துல வேணுமா? புதுச்சேரி அன்னை, மிரா அல்ஃபாசா. 1878-ல் பாரிஸில், துருக்கி, எகிப்திலிருந்து வந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் தொடங்கிய ஆரோவில் நம்ம சேதராப்பட்டுக்குப் பக்கத்துலதானே இருக்கு. அது தொடங்கியது 1968 பிப்ரவரி. அதே வருஷம் டிசம்பரில்தான் பரதேசிப் பள்ளியின் 400-வது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார். தபால்தலையும் வெளியிட்டார்கள்.

மெடிக்கல் ஷாப் அண்ணன் அப்பதான் வாயைத் திறந்தார். "காசா விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான் டாக்டரே. ஆனா அந்த சாரா கல்லை நான் மறக்க மாட்டேன்."

ரெண்டுமே சரிதான்னேன்.

31/
ஊருக்கு வந்து கிளினிக் திறந்த முதல் நாள். அடையாளம் மாற்றித்தான் எழுதுறேன். எழுபதைத் தொட்ட ஒரு அம்மா. இருபது வருஷமா ஒரு கால் யானைக்கால். என்கிட்ட பிரஷர் மாத்திரைக்கு வருவாங்க. எப்பவும் புடவையைத் தரை வரைக்கும் இழுத்து மூடி, பெஞ்சுல உட்காராம வாசல் படியில உட்காருவாங்க. நானும் இத்தனை வருஷமா அது அவங்க வழக்கம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அன்னைக்குக் கேட்டேன். "ஏம்மா உள்ள வந்து உட்கார மாட்டேங்கிறீங்க?"

"மத்தவங்க மூஞ்சி சுளிக்கிறாங்க சாமி. பேத்தி கல்யாணத்துக்கே நான் போகலை. எதுக்கு வம்பு."

32/
மட்டாஞ்சேரி முன்கூடம் என் கிளினிக் வாசலிலேயே இருந்திருக்கு. நான்தான் பார்க்கலை. அந்த இடத்துல ஒரு டாக்டரா எனக்கு வெட்கமாத்தான் இருந்தது.

கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டு வந்து பெஞ்சுல உட்கார வெச்சேன். பக்கத்துல இருந்தவங்ககிட்ட சத்தமாவே சொன்னேன்: "இது ஒட்டாது. இவங்ககிட்ட இருந்து யாருக்கும் வராது." நர்ஸ் அக்காவுக்கு போன் போட்டேன். ரிட்டயர்டு ஆனவங்க, அரை மணி நேரத்துல வந்து நின்னாங்க.

33/
உங்க வீட்டிலோ தெருவிலோ யானைக்கால் உள்ளவர் இருந்தால், இதைச் சொல்லுங்க:

தினமும் சாதாரண சோப்பும் தண்ணியும் போட்டுக் காலைக் கழுவணும். விரல் இடுக்கு வரை சுத்தமா ஈரம் துடைக்கணும். விரல் இடுக்குப் புண், சேத்துப்புண்ணுக்கு உடனே மருந்து போடணும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்கணும். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி. காலுக்குப் பொருந்தும் செருப்பு. காய்ச்சலோடு கால் சிவந்து வலித்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்கணும்.

வீக்கம் முழுசா போகாமல் இருக்கலாம். ஆனால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் நல்லாவே குறையும். மேலும் பெரிசாவதைத் தடுக்கலாம்.

34/
உங்க ஊர்ல யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுத்தா, கையில வாங்கி ஜன்னல்ல வைக்காதீங்க. முழுங்குங்க. அதில் இருக்கும் டை எத்தில் கார்பமசின் 1947-லேயே வந்த மருந்து. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், கடுமையா உடம்பு சரியில்லாதவங்க மட்டும் வேண்டாம். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே"ன்னு சொல்ற ஆளுதான் முதல்ல சாப்பிடணும். காரணம் 25-வது பதிவில் இருக்கு.

35/
நேத்து அந்த அம்மா மறுபடி வந்தாங்க. வாசல்ல ஒரு நொடி நின்னு பார்த்தாங்க. நேரா வந்து பெஞ்சுல உட்கார்ந்தாங்க. பக்கத்துல இருந்த பையன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

சேலம் வக்கீல் இதுக்குத்தான் வருஷக்கணக்காப் போராடினார். பெஞ்சுல ஒரு இடம்.

கொச்சி போனா பாருங்க. சனிக்கிழமை மட்டும் போகாதீங்க.


உங்கள் டாக்டர், சேதராப்பட்டு.